சூளைப் பணியாரம்

சிவகாசியில் தீபாவளி முடிந்த மறுநாள் பட்டாசுக்காரர்களுக்கு ஓய்வு தொடங்கும், காலண்டர்காரர்களுக்கு மூச்சு முட்டும். எங்கள் வீட்டில் இரண்டு தரப்பும் உண்டு. என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் ஓர் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் பிழை திருத்துகிறவள். ராகு காலம் எமகண்டத்தின் மேல் ஏறி உட்காராமலும், அமாவாசைக்கு மறுநாளே பௌர்ணமி வந்துவிடாமலும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் நான் அடுத்த வருஷத்தில்தான் குடியிருப்பேன். கறிகாய்க்காரி "இன்னைக்கு என்ன கிளமைக்கா" என்று கேட்டால் அடுத்த வருஷத்துக் கிழமையைச் சொல்லி அவளைக் குழப்பியிருக்கிறேன்.

அவருக்கு அந்த நாட்களில் வேலையே கிடையாது. கம்பெனி மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை வீடுதான். பழக்கம் விடாமல் விடியும் முன்பே எழுந்து குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, போக இடமில்லை என்பது நினைவு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டுவார். ஒரு வருஷம் பொழுது போகாமல் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எந்தக் கதவும் சத்தமே போடாமல் திறந்து, யார் எப்போது பின்னால் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாமல் நான் பயந்து சாக வேண்டியதாயிற்று. இன்னொரு வருஷம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் கழுவி, அதற்குள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தார்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் அவர் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டார்.

நான் அச்சகத்திலிருந்து வந்தபோது ஃபிரிட்ஜுக்குள் இருந்ததெல்லாம் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக நின்றது. புளித்த இட்லி மாவு, துருவிய தேங்காய் கொஞ்சம், வாடிப்போன கொய்யா, டீலர்கள் கொடுத்துவிட்டுப் போன ஸ்வீட் பெட்டிகள், எதிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியாத ஒரு கிண்ணம்.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார். கம்பெனியில் தப்புச் செய்தவனிடம் கேட்கிற குரல் அது.

"மிச்சம்."

"எம்புட்டு நாளா இருக்கு?"

"இருக்கு, அது பாட்டுக்கு. ஏன், உங்களை என்ன பண்ணுச்சு?"

"கலவை மிச்சம் வச்சுட்டுப் போகக் கூடாதும்மா. அன்னைக்குப் பிசைஞ்சதை அன்னைக்கே முடிக்கணும். சாயங்காலம் ரூமைப் பூட்டையில உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது."

அது பட்டாசுக் கம்பெனிச் சட்டம். மருந்துக் கலவையை அன்றன்றைக்குத் தேவையான அளவுக்குத்தான் கலக்க வேண்டும். மிச்சம் தங்கினால் ஆபத்து. வாழ்நாள் முழுக்க அதைக் காத்து நின்ற மனிதருக்கு, தன் சொந்த வீட்டில் ஒரு வெள்ளைப் பெட்டி நிறைய மிச்சம் ராத்திரி பகலாகத் தங்கிக்கொண்டிருந்தது அதுவரை தெரியவில்லை. தெரிந்த பிறகு தூக்கம் வரவில்லை.

"இட்லி மாவு வெடிக்காதுங்க," என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாக," என்றார்.

வெளியே கொட்டுவதற்கும் அவருக்கு மனம் வராது. விளைந்த பண்டத்தைக் குப்பையில் போடுகிற வீடு விளங்காது என்பார். மிச்சமும் இருக்கக் கூடாது, கொட்டவும் கூடாது என்றால் ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி எங்கள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி மூடி இருந்தது.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி அனுப்பிய ஓவன் அது. வந்த அன்று பிரித்துப் பார்த்தோம், பொட்டு வைத்தோம், அத்தோடு சரி. அதன் தலைமேல் ஒரு பிள்ளையாரும், வயிற்றுக்குள் கரண்ட் பில்களும் இருந்தன. அவர் பிள்ளையாரை மரியாதையாக டிவி மேல் மாற்றினார். பில்களை எடுத்து என் கையில் கொடுத்தார். ஓவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனார்.

"அடுப்படியில வச்சா என்ன?"

"அங்கன சிலிண்டர் இருக்கு."

தாழ்வாரத்தில் அவர் ஒரு கம்பெனியே அமைத்துவிட்டார். இரண்டு பக்கமும் மணல் வாளி. தரையில் ரப்பர் பாய். இரும்புக் கரண்டி கூடாது, உரசினால் பொறி வரும், மரக் கரண்டிதான். நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் வரக் கூடாது, நூல் சேலைதான். செல்போன் ஹாலிலேயே இருக்க வேண்டும். உள்ளே நுழையும் முன் ஒரு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வர வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கிவிடும். ஒரு சமயத்தில் நாலு பேருக்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது. வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்.

முதல் நாள் இட்லி மாவில் கருப்பட்டிப் பாகை ஊற்றி, தேங்காயைப் போட்டு, மருந்தைக் கலப்பதுபோல் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் கலந்து உள்ளே வைத்தார். பிறகு ஸ்டூலைப் போட்டுக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். உள்ளே கம்பி சிவந்து தகதகவென்று நின்றது. நான் நூல் சேலை மாற்றி, தகட்டைத் தொட்டுவிட்டுக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"நெருப்பைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கிறது எனக்கு இதான் முதத் தடவை," என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் மத்தாப்பு செய்து அனுப்புகிறவர்தான், தீபாவளி அன்றைக்கு ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்த மாட்டார். தெருவில் பிள்ளைகள் வெடி வைத்தால் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். நெருப்பு என்றால் அவருக்கு நடக்கவே கூடாத ஒன்று. அது ஒரு பெட்டிக்குள் அடங்கி, குமிழைத் திருகினால் தணிந்து, பதிலுக்கு ஒரு பண்டத்தையும் கொடுக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். சின்னப்பிள்ளைபோல் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேக் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பஞ்சாக எழும்பி, கருப்பட்டி வாசத்தோடு, லேசான புளிப்போடு. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு துண்டை அமுக்கிப் பார்த்து, "நமுத்திருக்கு," என்றார். அவருக்குக் கேக்குகளை மதிப்பிட வேறு மொழி தெரியாது. ஈரமாக இருந்தால் நமுத்தது. மேலே வெடித்திருந்தால் பேப்பர் சுத்து சரியில்லை. எல்லாம் கூடிவந்தால், "பாஸ்."

அன்றிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு ஃபிரிட்ஜ் காலியாக வேண்டும். லட்டும் மைசூர்பாகும் உதிர்த்துப் போட்டு ஒரு கேக். கொய்யாவை வேகவைத்து மசித்து, காலையில் மீந்த கம்மங்கூழோடு ஒரு கேக். டீலர் ஒருவர் தந்த பெட்டியில் பாதி பாதுஷா, பாதி மிக்சர் இருந்தது. பிரித்தெடுக்கப் பொறுமை இல்லாமல் அப்படியே போட்டு ஒரு கேக். அதை வாயில் போட்டால் இனிப்பு, அடுத்த கடியில் ஒரு வறுத்த கறிவேப்பிலை. மகள் போனில் அழைத்து வழி சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா, பேக்கிங் பவுடர் போட்டீங்களா?"

"பவுடரா? அது என்ன கெமிக்கல்?"

அவள் சொன்னாள். அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு, "அது புளிப்போட சேந்தாப் பொங்கும்மா. வீட்டுக்குள்ள வேண்டாம்னு சொல்லு," என்றார்.

"பொங்குறதுக்குத்தானே அம்மா போடுறது," என்றாள் மகள். நான் என்ன செய்ய. ஒருநாள் ரசச் சட்டியை அவர் யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும் நான் குறுக்கே நின்றேன். "ரசத்தைத் தொட்டா நான் கோயம்புத்தூருக்குப் போயிருவேன்," என்றேன். ரசம் தப்பித்தது.

எதிர்வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். எனக்கு மதினி. மதினியின் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவர் கல்யாணமான அன்றைக்கே பேசுகிற வேலை முழுவதையும் மதினியிடம் ஒப்படைத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். மதினி தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து தாழ்வாரத்தை எட்டிப் பார்ப்பார்.

"ஏலே, போர்மேன் வேலை பாத்தவன் இப்படிக் கேக்குச் சுட்டுக்கிட்டு இருக்கயே, நாலு பேரு பாத்தா என்னலே நினைப்பாக?"

"நாலு பேருக்கு மேல பாக்கக் கூடாதுக்கா. அது ரூல்," என்பார் இவர்.

மதினியின் மகளுக்கு அப்போது நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு விருதுநகர். பருப்பு மண்டி வைத்திருக்கிற பெரிய குடும்பம். நிச்சயத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும் ஒருநாள் மாலை மதினி வீட்டுக்கு வருவதாக இருந்தது. மதினி அதிரசத்துக்குப் பச்சரிசி இடித்து, பாகு காய்ச்சி, மாவு பிசைந்து தயாராக வைத்திருந்தார். மதினி செய்கிற அதிரசத்துக்குத் தெருவில் பெயர் உண்டு. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாகிக் கிடந்ததால் மாவுச் சட்டியை எங்கள் ஃபிரிட்ஜில் கொண்டுவந்து வைத்தார். நான் அச்சகத்தில் இருந்தேன். இவர் அன்றைய கேக் வேலையை முடித்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார். மதினி குளியலறைக் கதவைத் தட்டி, "ஏலே, மாவு வச்சிருக்கேன், பாத்துக்கோ," என்று சொல்லியிருக்கிறார். இவரும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே "ம்" என்றிருக்கிறார்.

இரண்டு பேரும் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சம்பந்தி வருகிற நாள். நல்ல மழை. நான் அச்சகத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரம் கிளம்பி வந்து, குடையை மடக்கும்போதே வாசம் அடித்தது. ஏலக்காய், சுக்கு, வெல்லம், எல்லாவற்றுக்கும் மேலே கனிந்த சீத்தாப்பழம். ஆமத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற அவருடைய சிநேகிதர் ஒரு பை பழம் கொடுத்திருந்தார். தொட்டால் விரல் உள்ளே போகிற பதத்தில் இருந்தது அது. நான் தாழ்வாரத்துக்கு ஓடினேன். ஸ்டூலில் அவர். கண்ணாடிக்குள் கன்னங்கரேலென்று ஒரு பொருள் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"சீத்தாப்பளத்தை வீணாக்க வேண்டாமேன்னு போட்டேன். மீதி லட்டு, கொஞ்சம் இட்லி மாவு, மிக்சர் அடியில கிடந்த தூள். அப்பறம் யாரோ நல்லா ஒரு வெல்ல மாவு பிசைஞ்சு வச்சிருந்தாக," என்றார்.

யாரோ என்பவர் அப்போதுதான் வாசல்படி ஏறி வந்தார். கையில் அதிரசம் தட்டுவதற்கு எண்ணெய் தடவிய வாழையிலை. மதினி ஃபிரிட்ஜைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கழுவிக் கவிழ்த்த தன் சட்டியைப் பார்த்தார். நேரே தாழ்வாரத்துக்கு வந்தார்.

"மாவு எங்கலே?"

இவர் ஸ்டூலைவிட்டு எழுந்து ஓவனைக் காட்டினார்.

மதினி கத்துவார் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. வாழையிலையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தகட்டைத் தொடாம வந்துட்டேன்லே," என்றார். அப்படி ஒரு குரலில் நான் அவரைக் கேட்டதே இல்லை. இவருக்கு அழுகை வந்துவிடும்போல் ஆகிவிட்டது. "அக்கா, நான் ஓடிப் போயி பஜார்ல ஸ்வீட் வாங்கிட்டு வந்திருதேன்," என்று சட்டையைத் தேடினார். அதற்குள் எதிர்வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பியிருக்கிறார்கள்.

மதினி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதை வெளிய எடு. துண்டு போடு. மேல நாலு முந்திரியக் குத்தி வை," என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு மழைக்குள் போனார்.

இவர் நூலால் அறுத்தார், கத்தி இரும்பு என்பதால். நான் தட்டில் அடுக்கி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். நனைந்த தார் ரோட்டு நிறம். பளபளவென்று இருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் பிசுபிசுப்பு. வழியில் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தேன். முதலில் வெல்லம், அப்புறம் பழம், அப்புறம் சுக்கு தொண்டையைப் பிடித்தது, கடைசியில் எங்கிருந்தோ ஒரு வேர்க்கடலை. நன்றாக இருந்ததா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. கெட்டுப்போகவில்லை, அது நிச்சயம்.

சம்பந்தி ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பருப்பில் கல் இருக்கிறதா என்று பார்க்கிற தொழில் என்பதாலோ என்னவோ, எதையும் நிதானமாகப் பார்த்துத்தான் வாயில் வைப்பார். ஒரு துண்டை எடுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். மதினியின் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மணப்பெண் உள்ளறைக் கதவிடுக்கில் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இது என்ன பலகாரம்?" என்றார் சம்பந்தி.

மதினிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "சூளைப் பணியாரம். எங்க குடும்பத்துல வளக்கமாச் செய்யிறது. எங்க ஐயா, அவுக ஐயா காலத்துல இருந்து."

மதினியின் ஐயா என் வீட்டுக்காரருக்கும் ஐயாதான். என் மாமனார். அவர் வெறும் வறுகடலைக்கு மேல் எதையும் பலகாரம் என்று ஒப்புக்கொள்ளாதவர்.

"சூளைன்னா?" என்றார் சம்பந்தி.

"செங்கச் சூளைதான். அந்தக் காலத்துல ஓவன் ஏது? சூளை மேல் அடுக்குல சட்டியோட வச்சிருவாக. செங்கல் வேகையில இதுவும் வெந்திரும்."

சம்பந்தி தட்டையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நினைச்ச நேரம் செய்ய முடியாது."

"வீடு கட்டுறப்ப மட்டுந்தான்," என்று இவர் ஒத்தாசைக்கு வந்தார். சட்டை பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்து நின்றிருந்தார்.

நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்தபோது சம்பந்தி இரண்டாவது துண்டை எடுத்திருந்தார். "நல்ல வளக்கம். இதெல்லாம் விட்டுறக் கூடாது. கல்யாணத்தன்னைக்கு எங்க ஆளுக பந்திக்கும் இதைப் போட்டுருங்க," என்றார்.

"அதுக்கென்ன, போட்டுருவோம்," என்றார் மதினி.

கார் தெருமுனை திரும்பியதும் மதினி தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தார். அதே கையால் தலையைத் தடவியும் கொடுத்தார். "தப்பிச்சோம்லே. சம்பந்திக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கல்யாணத்துக்கு இதே மாதிரி செஞ்சிரு."

இவர் முகம் மாறிவிட்டது. "அது எப்படிக்கா? அது மிச்சத்துல வந்ததுல்ல. மிச்சத்துக்கு நான் எங்க போக?"

"செய்யணும்," என்றார் மதினி. "மிச்சத்தைப் புதுசாச் செய்யணும்."

கல்யாணம் தை மாதம். அதற்குள் கம்பெனி பூஜை போட்டுத் திறந்துவிட்டது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீடும் சேர்ந்து மிச்சம் தயாரித்தோம். மதினி புதிதாக லட்டு பிடித்து, மிக்சர் வறுத்து, அதைத் தூக்குவாளிகளில் போட்டு மூடி அலமாரியில் வைத்தார். "யாரும் தொடக் கூடாது. இது மிச்சம்," என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். ஒருநாள் திறந்து பார்த்தால் லட்டு குறைந்திருந்தது. அவர் வீட்டுக்காரரின் மீசையில் பூந்தி இருந்தது.

"மிச்சத்தைப் போயி தின்னுட்டீகளே," என்று மதினி தலையில் கை வைத்தார்.

லாரி ஆபீஸ்காரர் அன்றைக்கு வாயைத் திறந்தார். "தின்னது போக இருக்கிறதுதானே மிச்சம்," என்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அது நியாயமாகத்தான் பட்டது. யாருமே தின்னாத லட்டு மிச்சமாக முடியாது. அதன் பிறகு மதினி திட்டத்தை மாற்றினார். தெருவில் வீடு வீடாக லட்டும் மிக்சரும் கொடுத்து, "பாதி தின்னுட்டு மீதியைத் தாங்க," என்று கேட்டு வாங்கினார். சிலர் முழுவதையும் தின்றுவிட்டார்கள். ஒரு வீட்டில் மதினிக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்து மல்லிகைப்பூவும் ஆறுதலும் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் எங்கள் வீட்டிலேயே நாங்கள் நாலு பேரும் மணப்பெண்ணும் உட்கார்ந்து, பாதிப் பாதியாகக் கடித்து வைக்காமல், உடைத்து வைக்கிற முறையில் மிச்சம் உண்டாக்கினோம்.

அடுத்த தொந்தரவு சீத்தாப்பழம். அதன் காலம் முடிந்துபோயிருந்தது. தை மாதத்தில் பஜார் முழுக்கப் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்தான். இவர் பனங்கிழங்கை வேகவைத்து, நார் உரித்து, காயவைத்து, இடித்து, பட்டாசு மருந்து சலிக்கிற பக்குவத்தில் துணியில் சலித்து மாவாக்கினார். முதல் தடவை நார் முழுவதும் போகவில்லை. அந்தக் கேக்கைத் தின்ற மதினி பேச வாயைத் திறக்க முடியாமல் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டிருந்தார். அந்தச் சிறிது நேரம் தெருவே அமைதியாக இருந்தது என்று இவர் பின்னால் சொன்னார். இரண்டாவது தடவை சர்க்கரைவள்ளியை மசித்துச் சேர்த்தார். பதம் வந்தது. ஆனால் அந்த மழை நாள் ருசி வரவில்லை.

"அன்னைக்கு என்ன போட்டீக, நல்லா யோசிச்சுப் பாருங்க," என்றேன்.

"பாத்துப் போடலையே. இருந்ததை எல்லாம் போட்டேன்."

கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாள் அவர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டார். காரணம் கேட்ட மேனேஜரிடம், "வீட்டுல அவசர ஆர்டர்," என்று சொன்னாராம். ஓவன் ஓய்வில்லாமல் ஓடியது. ஒரு தட்டு உள்ளே, ஒரு தட்டு வெளியே, ஒரு தட்டு மதினியின் நூல் அறுப்பில். மகளும் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். தாழ்வாரத்துக்குள் நுழையப்போனவளை அவர் தடுத்து, "சுடிதார் பாலியஸ்டரா?" என்று கேட்டார். அவள் என் நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து முந்திரி குத்தினாள். மணப்பெண் நலுங்கு மஞ்சளோடு வந்து எட்டிப் பார்த்து, "மாமா, அஞ்சாவது ஆளு நான், உள்ள வரலாமா?" என்று கேட்டாள். வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை வெளியே நீட்டினார்.

கல்யாணம் விருதுநகரில், மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபத்தில். தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. இலையில் உப்புக்கு அடுத்தபடியாகச் சூளைப் பணியாரம். மதினி பட்டுச்சேலை சரசரக்க வரிசை வரிசையாகப் போய், செங்கல் சூளையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை வளர்ந்துவிட்டிருந்தது. இப்போது சூளை இரண்டாகிவிட்டது, மேல் அடுக்கில் காவலுக்கு ஓர் ஆளும் இருந்தார். விருதுநகர்க்காரர்கள் பக்தியோடு கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

நான் கை கழுவப் போன இடத்தில், தூணுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியும் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தார்கள். குழாயைத் திறக்காமல் நின்றுவிட்டேன்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது," என்றார் சம்பந்தி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு எனக்கு அது அம்புட்டாப் பிடிக்கல. உங்க அக்கா குடும்ப வளக்கம்னு சொன்னாக. வேண்டாம்னு தட்டுல வச்சா உங்க ஐயாவையே ஒதுக்கின மாதிரி ஆயிருமேன்னு ரெண்டாவது துண்டு எடுத்தேன். வாய் தவறிக் கல்யாணத்துக்கும் கேட்டுட்டேன். இப்ப எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் என்னயப் பாக்குறாக."

நான் பயந்துவிட்டேன். கார்த்திகையிலிருந்து இதற்காக அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெதுவாக எட்டிப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கம்பெனி பூட்டி, ரூமெல்லாம் காலி என்று பார்த்துவிட்டு வருகிற சாயங்காலத்து முகம்.

"எனக்கும் பிடிக்கல," என்றார்.

"பிடிக்கலையா?"

"நாந்தான் செஞ்சேன். அன்னைக்கும் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல. உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு அக்கா சொல்லுச்சு. அதான் செஞ்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சம்பந்திதான் சிரித்தார். ஒல்லியான உடம்பு அப்படிக் குலுங்கும் என்று நான் நினைக்கவில்லை. இவர் தூணைப் பிடித்துக்கொண்டார். "செங்கச் சூளைன்னு அவுக சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்," என்று சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க பெரியப்பாவே சூளை வச்சிருந்தவரு."

"அக்காகிட்ட சொல்லிராதீக."

"நான் ஏன் சொல்லப் போறேன். நீங்க சாப்பிட்டீகளா?"

"இல்ல. காலையில இருந்து அடுக்குற வேலைதான்."

"நானும் இலையில உக்காரல. உக்காந்தா அது இருக்கும்ல. வாங்க."

அவர்கள் மண்டபத்தின் பின்வாசல் வழியாகப் போவதைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு அப்பா, ஜரிகை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். பக்கத்தில் என் வீட்டுக்காரர், அவரும் ஜரிகை வேட்டிதான். இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறினார்கள். அது யாருடைய ஸ்கூட்டர் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த பந்தி தொடங்கியதும் மதினி தேட ஆரம்பித்தார். சம்பந்தியைக் காணோம், தம்பியையும் காணோம். போட்டோ எடுக்கிறவர் மேடையில் காத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டம்மா என்னிடம் வந்து கேட்டார். தெரியாது என்றேன். மூன்றாவது பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் இரண்டு பேரும் முன்வாசல் வழியாக, விருந்தாளிகளை வரவேற்கிற தோரணையில் உள்ளே வந்தார்கள். சம்பந்தியின் உதட்டில் எண்ணெய் மினுங்கியது. வெள்ளைச் சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் சால்னா ஒரு துளி.

"எங்கலே போனீக?" என்றார் மதினி.

"தண்ணி கேன் சொல்லப் போனோம்க்கா."

"ரெண்டு பேருமா?"

"கேன் கனம்லா இருக்கும்," என்றார் சம்பந்தி.

மதினி அவர்களை மேலும் கீழும் பார்த்தார். எண்ணெய்ப் பரோட்டா வாசம் எனக்கே எட்டியது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் இருவரும் அதற்குள் தோளில் கை போட்டுக்கொண்டு, எதற்கோ மறுபடி சிரித்துக்கொண்டு மேடைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மதினி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா," என்றார் என்னிடம். "வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள அண்ணன் தம்பி மாதிரி ஆயிட்டாக. எல்லாம் அந்தப் பணியாரம் செஞ்ச வேலைதான்."

ஆமாம் மதினி என்றேன்.